சாமி மேடை ஏறிய பெட்டி

என் இடது தோள்பட்டைக்குக் கீழே, சட்டைக்குள், தீப்பெட்டி அளவுக்கு ஒரு மேடு இருக்கிறது. தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். நானே பாதி நேரம் மறந்துவிடுகிறேன். ஆனால் ஜெலுத்தோங் பக்கம் என்னை அறிந்தவர்கள் ஒருவரும் மறப்பதாக இல்லை. பாசாரில் மீன் வெட்டுகிறவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "வேன் அக்கா, மெஷினு எப்படி ஓடுது?" என்று கேட்கிறார். அவருக்கு நின்று பதில் சொல்வதற்குள் பக்கத்துக் காய்கறிக் கடைக்காரம்மா வந்து, முதலிலிருந்து சொல்லச் சொல்கிறார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆறாம் வகுப்புக்கு மேல் நான் படித்ததில்லை. எழுத்தெல்லாம் பழைய வார இதழ்களை வைத்துக்கொண்டு நானாகப் பழகியது. ஆகவே டாக்டர்கள் சொன்ன பெரிய பெயர்களை எனக்குப் புரிந்த விதத்தில்தான் சொல்வேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் தனலெட்சுமி. பதினெட்டு வருடமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறேன். வீட்டுக்காரர் சேகர் ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் வந்து அவரை எங்கள் தீவிலிருந்து கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்விடும். அவர் போன பிறகு நான் வேனை எடுப்பேன். பதினான்கு பிள்ளைகள். யார் கதவோரம் உட்காருவார்கள், யாருக்கு வளைவில் குமட்டும், யார் பையில் நேற்றைய சாப்பாடு அப்படியே இருக்கும், எல்லாம் எனக்கு அத்துப்படி. தலைக்கு மேலே ஒரு பெரிய கண்ணாடி மாட்டி வைத்திருக்கிறேன். ரோட்டைப் பார்க்க இல்லை, பிள்ளைகளைப் பார்க்க.

அன்றைக்குக் கடைசிப் பிள்ளையையும் பள்ளி வாசலில் இறக்கிவிட்டேன். வேனைச் சற்றுத் தள்ளி நிழலில் நிறுத்தினேன். பிளாஸ்க்கில் இருந்த கோப்பியைக் குடிக்கலாம் என்று கையை நீட்டியது நினைவிருக்கிறது. அடுத்து நினைவில் இருப்பது ஹாரன் சத்தம். காலையிலேயே எவன் இப்படி விடாமல் அடிக்கிறான் என்று எரிச்சல் வந்தது. பிறகுதான் தெரிந்தது, அடித்துக்கொண்டிருந்தது என் நெற்றி.

பள்ளி வாசல் காவலர் ஓடி வந்து சன்னல் கண்ணாடியைத் தட்டினார்.

"அக்கா! என்னா அக்கா, தூங்கிட்டீங்களா?"

"ஆமாம்பா. ராத்திரி சரியா தூங்கல," என்றேன்.

அது பொய். நான் நன்றாகத்தான் தூங்கியிருந்தேன். பிள்ளைகள் இறங்கி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்தக் கணக்கை அன்றைக்கு நான் போடவே இல்லை. போட விரும்பவில்லை என்று சொல்வதே சரி.

மூன்று வாரம் கழித்து இரண்டாவது முறை வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். இந்த முறை வீட்டுக்காரர் எதிரே இருந்தார். நான் கண் விழித்தபோது அவர் என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு முட்டி போட்டிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளுப்பை நான் கல்யாண நாளில்கூடப் பார்த்ததில்லை.

"கண்ணு திறந்துதான் இருந்துச்சு தனம். நீதான் உள்ள இல்ல," என்றார்.

மனிதர்கள் சொல்லும் வார்த்தைகளைச் சேர்த்து வைக்கிற பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. இதுவும் அப்படி என்னிடம் தங்கிவிட்ட ஒன்று. அவர் அதிகம் பேசாதவர்.

மறுநாள் அவர் விடுப்பு எடுத்தார். ஜார்ஜ்டவுனில் அரசாங்க மருத்துவமனைக்குப் போனோம். நெஞ்சிலும் கையிலும் காலிலும் ஒட்டி வைத்து ஒரு தாளில் கோடு எடுத்தார்கள். இதயத்துக்குள் ஓடும் மின்சாரத்தை அந்தக் கோடு காட்டும். சரியாக இருந்தது. குளிர்ந்த பசையைத் தடவி, கர்ப்பிணிக்குக் குழந்தையைப் பார்ப்பதுபோல இதயத்தைத் திரையில் பார்த்தார்கள். அதுவும் சரி. கழுத்தில் ஒரு கருவியைத் தொங்கவிட்டு ஒரு நாள் முழுக்க நடமாடச் சொன்னார்கள். இருபத்து நான்கு மணி நேரமும் இதயம் என்ன செய்கிறது என்று அது எழுதிக்கொண்டே இருக்குமாம். அந்த ஒரு நாளும் என் இதயம் ஒரு தப்பும் செய்யவில்லை.

டாக்டரம்மா சீனர். மலாயில் மெதுவாகப் பேசுவார். "நான் பார்க்கும்போது மட்டும் உங்கள் இதயம் நல்ல பிள்ளையாக இருக்கிறது," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் வேனிலும் அதே கதைதான். கண்ணாடியில் நான் பார்க்கும்வரை பதினான்கு பேரும் சாமி சிலை மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். கண்ணை ரோட்டுக்குத் திருப்பினால் போதும், தண்ணீர்ப் புட்டி பறக்கும். அதை அவரிடம் சொன்னேன். அவரும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, வேன் என்றால் என்ன வேன் என்று கேட்டார்.

சொன்னேன்.

பேனாவை மூடி வைத்தார். "இன்றிலிருந்து ஓட்டக் கூடாது."

"எத்தனை நாளைக்கு டாக்டர்?"

"காரணம் தெரியும் வரை."

வீடு வந்ததும் வேன் சாவியை நானே எடுத்து ஆணியில் மாட்டினேன். நான் அடம் பிடிக்காமல் மாட்டியதைப் பார்த்து வீட்டுக்காரர்தான் பயந்துபோனார்.

வேனை என் நாத்தனார் செல்வி எடுத்துக்கொண்டாள். செபராங் ஜெயாவில் குடியிருப்பவள், முன்பு தொழிற்சாலை வேன் ஓட்டியவள், உரிமமெல்லாம் கையில் இருந்தது. தினமும் இருட்டிலேயே எழுந்து பாலம் தாண்டி வந்தாள். "உங்க சீட்டு எனக்கு எட்டல அண்ணி, தலகாணி வெச்சு ஓட்டுறேன். நீங்க திரும்பி வந்து அத தூக்கிப் போடணும்," என்றாள். பெற்றோரிடம் எனக்கு வயிற்றில் புண் என்று சொல்லச் சொன்னேன். இது இரண்டாவது பொய்.

அதன் பிறகுதான் அந்தச் சின்னக் கருவி வந்தது. உள்ளே வைக்கும் பதிவுக் கருவி. பிள்ளைகள் பென்சிலைத் தேய்த்துத் தேய்த்துக் கடைசியில் ஒரு துண்டு மிஞ்சுமே, அதைவிடச் சின்னது. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, நெஞ்சுத் தோலுக்கு அடியில் சொருகிவிட்டார்கள். கால் மணி நேர வேலை. அதற்குள் பெட்டரியும் நினைவும் இருக்கிறது. இதயம் நின்றாலோ தாறுமாறாக ஓடினாலோ அந்த இடத்தை மட்டும் பதிந்து வைத்துக்கொள்ளும். அதற்குத் துணையாக ஒரு பெட்டி. பழைய வீட்டு டெலிபோன் அளவு. கட்டில் பக்கத்தில் மின்சாரத்தில் மாட்டி வைக்க வேண்டும். நான் தூங்கும்போது நெஞ்சில் இருக்கும் கருவி பெட்டியிடம் காற்றிலேயே சொல்லிவிடும். பெட்டி அதை வாங்கி, கைப்பேசி மாதிரியே, மருத்துவமனைக்கு அனுப்பிவிடும். வயர் கிடையாது. நான் ஜெலுத்தோங்கில் படுத்திருப்பேன், என் இதயம் மட்டும் தினமும் மருத்துவமனைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வரும்.

இதையெல்லாம் எனக்குப் புரிய வைத்தவர் ஜமீலா. இதயப் பிரிவில் இந்தக் கருவிகளைப் பார்த்துக்கொள்பவர். எங்கள் ஊர்த் தமிழ் முஸ்லிம் பெண். அவருடைய அப்பா சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவராம். அந்த உபசரிப்பு அவர் பேச்சிலும் இருந்தது.

"நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம் அக்கா. பெட்டி பிளக்குல இருக்கணும், நீங்க பெட்டிக்குப் பக்கத்துல படுக்கணும். அவ்ளோதான். கல்யாணம் பண்ண மாதிரி வெச்சுக்குங்க."

"அப்ப நான் எங்க படுக்கிறது மிஸி?" என்றார் வீட்டுக்காரர். ஆஸ்பத்திரிப் பெண்கள் எல்லோரும் எங்களுக்கு மிஸிதான். வெகு நாட்களுக்குப் பிறகு அவர் அடித்த முதல் வேடிக்கை.

ஜமீலா விடவில்லை. "நீங்க அந்தாண்ட படுங்க அண்ணே. பெட்டி குறட்ட விடாது." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "மயக்கம் மாதிரி வந்தா ஒளிக்காதீங்க. நேரா எமர்ஜென்சிக்கு வந்துருங்க."

டாக்டரம்மா ஆறு மாதம் பார்ப்போம், அதற்குப் பிறகு வேனைப் பற்றிப் பேசலாம் என்றார். அவர் சொன்னது பேசலாம் என்றுதான். என் காதில் ஏறியது வேன் மட்டும். ஆறு மாதம் ஒன்றும் வராவிட்டால் சாவி என் கையில் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். சமையலறை நாட்காட்டியில் ஒவ்வொரு மாதமும் முடிய முடிய ஒரு கோடு போட்டேன்.

இடையிடையே பரிசோதனைக்குப் போவேன். அந்தக் காத்திருக்கும் இடத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். குளிர் எலும்பைக் கடிக்கும். எண் கூப்பிடும் திரையையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அங்கே துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற ஓர் அண்ணன் பழக்கமானார். அவருக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர். இதயம் அடிக்க மறந்தால் தட்டி எழுப்பும் கருவி அது. அவர் வீட்டிலும் என்னுடையதைப் போலவே ஒரு பெட்டி இருந்தது.

"எனக்கு ஒண்ணும் வரல அண்ணே. அஞ்சு மாசமா பெட்டி சத்தமே போடல," என்றேன் பெருமையாக.

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "கிரேன் கீச்சுனு கத்துனா நாங்க பயப்பட மாட்டோம்மா. எண்ணெ போட்டா சரியாயிடும். ஒரு நாள் சத்தமே இல்லாம நிக்கும் பாரு, அன்னைக்குத்தான் கீழ யாரையும் நிக்க வுட மாட்டோம்."

அதையும் சேர்த்து வைத்தேன். அர்த்தம் அப்போது விளங்கவில்லை.

அந்த வருடம் ஆயுத பூஜை சனிக்கிழமையில் வந்தது. எங்கள் வீட்டில் அதை விடவே மாட்டோம். பிழைப்புக்குக் கை கொடுக்கும் பொருளையெல்லாம் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி மேடையில் அடுக்கிவிடுவோம். அன்றைக்கு அவற்றுக்கு ஓய்வு. யாரும் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமியில்தான் எடுத்து வேலையைத் தொடங்க வேண்டும். வீட்டுக்காரரின் ஸ்பேனர்கள், என் கத்தரிக்கோல், அரிவாள்மணை, வேன் சாவி. எல்லாம் வைத்த பிறகு கட்டில் பக்கம் பார்த்தேன். ஐந்து மாதமாக ஒரு நாள்கூட லீவு எடுக்காமல் எனக்காக விழித்துக்கொண்டிருக்கும் பெட்டி. இதற்கு இல்லாத மரியாதையா என்று தோன்றியது. பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுற்றி, துடைத்து, மூன்று பொட்டு வைத்து மேடையில் ஏற்றினேன். வேன் சாவிக்குப் பக்கத்தில்.

வீட்டுக்காரர் பூ வாங்கப் போயிருந்தார். நான் சுண்டலுக்கு வேகவைத்த கடலையில் தண்ணீர் வற்ற வற்றக் கிளறிக்கொண்டிருந்தேன்.

கருகல் வாடைதான் என்னை எழுப்பியது. சமையலறைத் தரையில், அலமாரியில் முதுகு சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். கையில் கரண்டி. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தண்ணீர் வற்றிக் கடலை சட்டியில் ஒட்டியிருந்தது. நான் உட்கார்ந்தது எனக்குத் தெரியாது.

எழுந்தேன். அடுப்பை அணைத்தேன். சட்டியைச் சுரண்டிக் கழுவினேன். சன்னலைத் திறந்துவிட்டேன். புதிதாகக் கடலை போட்டேன். இவ்வளவையும் ஏன் இப்படி வரிசையாக எழுதுகிறேன் என்றால், ஒவ்வொன்றையும் யோசித்துத்தான் செய்தேன். நாட்காட்டியில் ஐந்து கோடு இருந்தது. இன்னும் ஒன்றுதான் பாக்கி.

வீட்டுக்காரர் வந்து மூக்கை உறிஞ்சினார். "என்னா வாட?"

"போன பாத்துக்கிட்டே இருந்துட்டேன். கடல அடி புடிச்சிருச்சு."

மூன்றாவது பொய். சாயங்காலம் கற்பூரம் காட்டும்போது மேடையில் இருந்த பெட்டியைப் பார்த்தேன். விளக்கு எரியாமல், பொட்டோடு, வாய் மூடி உட்கார்ந்திருந்தது. அன்றிரவு அதை எடுத்து மாட்டியிருக்கலாம். ஆயுத பூஜையன்று மேடையில் இருப்பதைத் தொடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊரில் எல்லோரிடமும் பூஜைக்காக வைத்தேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். காலையில் வைத்தது பூஜைக்காகத்தான். இரவில் எடுக்காமல் விட்டது பயத்தால்.

மறுநாள் காலை எங்கள் பிளாட் கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் வேனுக்குப் பூஜை. செல்வி வந்திருந்தாள். வேனைக் கழுவி, மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. அந்தப் பழங்களின் மேல் வேனை ஏற்றி நசுக்கிப் புறப்பட்டால் அந்த வருடம் வண்டிக்குக் கண்ணேறு கழியும் என்று எங்கள் நம்பிக்கை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் பழம் நசுங்குவதைப் பார்க்க முன்னால் வந்து நின்றுகொண்டார்கள்.

செல்வி சாவியை என்னிடம் நீட்டினாள். "நீங்கதான் ஏத்தணும் அண்ணி. உங்க வண்டி."

"டாக்டர் வேணாம்னு சொல்லியிருக்காங்கல்ல," என்றார் வீட்டுக்காரர்.

"பத்தடி லா அண்ணே! இங்கிருந்து அந்தத் தூணு வரைக்கும். ரோட்டுக்கா போகப் போறாங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாங்கிக்கொண்டேன். ஏறி உட்கார்ந்தேன். செல்வியின் தலையணையை எடுத்துப் பின்னால் போட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். எட்டு மாதத்துக்குப் பிறகு அந்த இருக்கை. சாவியைத் திருப்பினேன். வேன் உறுமியது. அந்த உறுமல் என் முதுகில் ஏறியபோது எனக்குக் கண் கலங்கியது என்பதை மறைக்க மாட்டேன்.

பழக்க தோஷம், தலையை உயர்த்திக் கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் எல்லா இருக்கையும் காலி. பிறகு நேராகப் பார்த்தேன். முன்னால் அந்தப் பிள்ளைகள். பழம் வெடிக்கும் என்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, ஆனால் கண்ணை மூடாமல், ஒரு கை தூரத்தில் நின்றார்கள். என் கால் பெடலில் இருந்தது. நேற்று கரண்டி என் கையில் இருந்த மாதிரி.

எஞ்சினை அணைத்தேன்.

"என்னா அண்ணி?"

"நீயே ஏத்து செல்வி." இறங்கினேன். எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டேன்: "நேத்து கடல கருகுனது போனால இல்ல. நான் மயங்கிட்டேன்."

வீட்டுக்காரர் பூஜைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். "வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"மேல போய்ட்டுத்தான் வருவேன்."

"எதுக்கு?"

"பெட்டி."

மாடிக்குப் போய்ச் சாமியைக் கும்பிட்டு அதை எடுத்தேன். கட்டில் பக்கத்தில் மாட்டினேன். விளக்கு முதலில் மஞ்சளாகக் கண் சிமிட்டியது. இரவு வரை காத்திருக்காமல் உடனே அனுப்புவதற்கு ஒரு பொத்தான் உண்டு, ஜமீலா காட்டியிருந்தார். அழுத்திவிட்டுப் பெட்டியை ஒட்டி உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் கார் சாவியோடு வாசலில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். சில நிமிடம்தான். பச்சை விளக்கு எரிந்தது. நேற்று என் இதயத்துக்கு என்ன ஆனதோ, அது எனக்கு முன்னால் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அவசரப் பிரிவில் உடனே படுக்க வைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை காலை ஜமீலா ஒரு நீளத் தாளோடு என் கட்டிலுக்கு வந்தார். வரிசையாக மலை மலையாகக் கோடு. திடீரென்று மலை இல்லை. நேர்க்கோடு. பிறகு மறுபடி மலை.

"இதுதான் சனிக்கெழம பதினோரு மணி," என்றார். விரலை அந்த நேர்க்கோட்டின் மேல் வைத்து மெதுவாக நகர்த்தி எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. எட்டு வரை எண்ணினார். "எட்டு வினாடி உங்க இதயம் அடிக்கல அக்கா. தானா மறுபடி ஆரம்பிச்சிருக்கு. நீங்க தெளிய இன்னும் கொஞ்ச நேரம் ஆயிருக்கும்."

எட்டு வினாடி என்றால் எனக்கு நேரமாகப் புரியவில்லை, ரோடாகப் புரிந்தது. பள்ளி வாசலில் இருந்து எடுத்தால் எட்டு வினாடியில் என் வேன் சாலை விளக்குச் சந்திப்புக்குப் போய்விடும். அந்தச் சந்திப்பில் லாரி வரும்.

"பெட்டி ஏன் சனிக்கெழம பேசல?" என்று கேட்டார்.

"ஆயுத பூஜம்மா. ஒரு நாள் அதுக்கும் ஓய்வு குடுக்கலாம்னு."

அவர் தாளை மடித்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "சாமிகிட்ட வெச்சது தப்பில்ல அக்கா. பிளக்க புடுங்குனதுதான் தப்பு. உள்ள இருக்கிற கருவி பதிஞ்சு வெச்சிருந்ததால தப்பிச்சோம். நீங்க பெட்டிய மறுபடி மாட்டாமலே இருந்திருந்தா, அடுத்த மயக்கம் வரைக்கும் எங்களுக்குத் தெரியாது." பிறகு கேட்டார்: "மயக்கம் வந்தது உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"வேனுக்காகத்தான் மறைச்சீங்களா?"

தலையாட்டினேன். அவர் என் போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

டாக்டரம்மா வந்து படம் வரைந்து காட்டினார். இதயத்துக்கு மின்சாரம் தரும் இடத்தில் கோளாறு. எப்போதாவது அனுப்ப மறக்கிறது. பேஸ்மேக்கர் வைத்தால் அது மறக்கும்போது இது தட்டிக் கொடுக்கும். புதன்கிழமை வைத்தார்கள். நான் விழித்துத்தான் இருந்தேன். தோளுக்குக் கீழே யாரோ பையில் சாமான் திணிப்பதுபோல ஓர் அழுத்தம், அவ்வளவுதான். இரண்டு மெல்லிய கம்பி இரத்தக் குழாய் வழியாக இதயத்துக்குள் போயிருக்கிறது. பழைய பதிவுக் கருவியை எடுத்துவிட்டார்கள்.

வார்டிலும் என்னை விடவில்லை. கழுத்தில் துணிப் பையில் ஒரு சின்னக் கருவி. அது வயர் இல்லாமலே தாதியர் மேசையில் இருக்கும் திரைக்குச் செய்தி சொல்லும். ஒரு நாள் கழிவறைக்கு வேகமாக நடந்துவிட்டேன். திரும்பி வரும்போது தாதி அங்கிருந்தே, "அக்கா, ஓட்டப் பந்தயமா?" என்று மலாயில் கேட்டார். பக்கத்துக் கட்டில் மலாய் அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்கு அவர் மகன் கொண்டுவரும் பழத்தில் பாதி எனக்கு வரும். எனக்கு வீட்டுக்காரர் கொண்டுவரும் கஞ்சியில் பாதி அவருக்குப் போகும். வீட்டுக்காரர் அதற்கு முன் அடுப்புப் பக்கம் வந்தவர் இல்லை. முதல் நாள் கஞ்சியில் உப்பில்லை, இரண்டாம் நாள் உப்பு மட்டும்தான் இருந்தது. மூன்றாம் நாள் நன்றாக வந்தது. இடது கையை உயர்த்தக் கூடாது என்பதால் அவரே எனக்குத் தலை வாரிவிட்டார். ஸ்பேனர் பிடிக்கிற கை, ஜடை கோணலாக வந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

பயம் இருந்ததா என்று கேட்பவர்களுக்கு: இருந்தது. செத்துப்போவேன் என்று இல்லை. இனி அந்த இருக்கையில் என்னை உட்கார விடமாட்டார்கள் என்று. கட்டிலில் படுத்தபடி ஒன்றை முடிவு செய்தேன். உட்காருவதென்றால் நேர்வழியில்தான் உட்கார வேண்டும். அதற்கு எத்தனை மாதம் ஆனாலும் சரி, எத்தனை பேர் முன்னால் தலைகுனிய வேண்டியிருந்தாலும் சரி.

வீட்டுக்கு வந்தபோது கட்டில் பக்கத்தில் புதுப் பெட்டி. பேஸ்மேக்கருக்கான பெட்டி. வீட்டுக்காரர் அதன் பிளக்கைச் சுவரோடு சேர்த்துக் கறுப்பு டேப்பால் மூன்று சுற்று ஒட்டியிருந்தார். அதன் மேல் வெள்ளைத் தாளில், அவர் கையெழுத்தில், "சாமிக்கும் இல்ல, ஆசாமிக்கும் இல்ல."

பல மாதம் பரிசோதனை நடந்தது. சொந்தக் காரை ஓட்டச் சீக்கிரமே அனுமதித்தார்கள். ஆள் ஏற்றும் வண்டிக்குத் தனிப் பரிசோதனை, தனி அறிக்கை, கையெழுத்துக்கு மேல் கையெழுத்து. ஒவ்வொரு இரவும் பெட்டி அனுப்பிய பதிவுகளை வைத்துத்தான் டாக்டரம்மா அறிக்கை எழுதினார். ஒரு நாள்கூட இடைவெளி இல்லை என்று அதில் இருந்தது. கடைசியில் வேன் ஓட்டலாம் என்ற கடிதம் கைக்கு வந்தது.

அன்றே வேனை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. கைப்பேசியில் இருக்கும் பெற்றோர் குழுவில் ஒரு செய்தி எழுதினேன். நான்கு முறை அழித்து எழுதினேன். "எனக்கு வந்தது வயிற்றுப் புண் இல்லை. உங்கள் பிள்ளைகளை இறக்கிவிட்டு ஐந்து நிமிடத்தில் வேனுக்குள் மயங்கினேன். அதை உங்களிடம் மறைத்தேன். தப்பு. இப்போது இதயக் கருவி வைத்திருக்கிறேன், டாக்டர் கடிதம் கீழே இருக்கிறது. அனுப்புவதா வேண்டாமா என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். அனுப்பாவிட்டால் வருத்தப்பட மாட்டேன்." கடைசி வரி மட்டும் முழு உண்மை இல்லை.

ஒன்பது பேர் அனுப்புகிறோம் என்றார்கள். நான்கு பேர் வேறு வேனுக்குப் போய்விட்டார்கள். கோமதி மட்டும் ஒன்றும் எழுதவில்லை. இரண்டாம் வகுப்புப் படிக்கும் அவள் மகள்தான் முதலில் ஏறி என் பின்னால் உட்காருபவள். மறுநாள் கோமதி வீட்டுக்கே வந்தாள். உட்காரவில்லை.

"அஞ்சு நிமிசம் அக்கா. அஞ்சு நிமிசத்துக்கு முன்னால வந்திருந்தா?"

"பிள்ளைங்க உள்ள இருந்திருப்பாங்கம்மா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"பயந்துட்டேன்."

அவள் அழுதாள். கோபத்தில் அழுதாள். பிறகு கட்டில் பக்கத்தில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். டேப்பைப் பார்த்தாள். வீட்டுக்காரர் எழுதியதைப் படித்தாள். படியிறங்கிப் போய்விட்டாள். ஒரு மாதம் அவளே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாள். நான் அவள் வீட்டுச் சந்து முனையைக் கடக்கும்போது அந்த வீட்டைப் பார்க்காமல் ஓட்டப் பழகிக்கொண்டேன்.

இந்த வருட ஆயுத பூஜையும் வந்து போனது. பெட்டி மேடைக்குப் போகவில்லை. கற்பூரத் தட்டு கட்டில் பக்கம் வந்தது. பச்சை விளக்குக்கு மேலே சின்னதாக ஒரு பொட்டு. மறுநாள் எலுமிச்சம்பழத்தின் மேல் நான்தான் வேனை ஏற்றினேன், பிள்ளைகளை எல்லாம் தூணுக்குப் பின்னால் நிற்க வைத்துவிட்டு. காலை ஓட்டம் எனக்கு, மதிய ஓட்டம் செல்விக்கு. தலையணை வேனிலேயே கிடக்கிறது.

கோமதி? ஒரு திங்கட்கிழமை அந்தச் சந்து முனையில் மகளோடு நின்றிருந்தாள். நான் வேனை நிறுத்தினேன். பிள்ளையை ஏற்றி, பையை மடியில் வைத்து, பெல்ட்டைப் போட்டுவிட்டாள். கதவைச் சாத்தாமல் என் சன்னல் பக்கம் வந்தாள். எங்கள் ஊரில் காலையில் பார்த்தால் சாப்பிட்டாச்சா என்று கேட்பார்கள். அவள் கேட்டது வேறு. அன்றிலிருந்து ஒரு நாள் தவறாமல் அதையேதான் கேட்கிறாள்.

"பெட்டி அனுப்பிருச்சா அக்கா?"

"ராத்திரியே அனுப்பிருச்சும்மா."

"சரி. பாத்துப் போங்க."

கதவைச் சாத்துகிறாள். நான் கண்ணாடியில் ஒரு முறை பார்த்துவிட்டு, வேனை எடுக்கிறேன்.